நாடி பிடித்தவர் கேட்ட கேள்வி

முசஃபா
10.9.2023

அன்பு சீதாவுக்கு,

நீயும் அகிலாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார் என்று யோசிப்பாய். ஒரு மாதமாகத் தொண்டை சரியில்லை. நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது, நீ அங்கே பதறுகிறாய். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. கை இருமாது.

என் ரூமில் இருக்கும் தம்பி சுரேஷ்குமாரை உனக்குத் தெரியும். காரைக்குடிக்காரன், போன லீவில் நம் வீட்டுக்கு மிக்சி கொண்டுவந்து கொடுத்தவன். என் இருமலால் அவன் தூக்கம் போகிறது. ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு சீன மருந்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். கேம்ப்பிலிருந்து நாலு தெரு தள்ளி, டயர் கடைகளுக்கு நடுவில். அறுபது வயது மதிக்கலாம், லின் என்று ஒரு அம்மா. இருபது வருஷமாக இந்த அரபு நாட்டில் எங்களைப் போன்ற ஆட்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து உடைந்த இந்தி பேசுகிறார்.

முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, இடது கை, வலது கை என்று ஒரு டீ குடிக்கும் நேரம் நாடி பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். இரும்புத் தகட்டின் மேல் குழாயால் மணலைக் காற்றோடு அடித்துத் துரு எடுக்கிற பிளாஸ்டிங் வேலை, இருபது வருஷம் ஆகப்போகிறது என்று சுரேஷ் நடித்தே காட்டினான். அந்த அம்மா சிரிக்கவில்லை.

ஒரு மாதத்துக்கு முப்பது பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். வேர், பட்டை, காய்ந்த தோல். தினம் ஒன்றை மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்துக் குடிக்க வேண்டும். மெஸ் அடுப்பில் அது கொதித்தால் பெங்காலி சமையல்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார். பொட்டலத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பார்.

டூட்டியும் மாற்றிவிட்டார்கள். பெயிண்ட் ஸ்டோரில் உட்கார்ந்த வேலை. அதனால் கவலைப்படாதே. அகிலாவுக்குக் காலாண்டுத் தேர்வு எப்படிப் போகிறது என்று எழுது.

உன் நினைவோடு,
கார்மேகம்


செங்கணாங்குளம்
19.9.2023

அகிலா அப்பாவுக்கு,

வணக்கம். நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அகிலாவை எழுதச் சொல்லலாம், ஆனால் நான் சொல்வதில் பாதியை அவள் திருத்திவிடுவாள்.

தொண்டை என்கிறீர்கள். ஆடி மாதமே உங்களுக்கு மூச்சு வாங்கியது போனில் கேட்டது. சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கே நடுவில் ஒரு தடவை நிறுத்தினீர்கள். மாடிப்படி ஏறுகிறேன் என்று சொன்னீர்கள். பின்னால் ஃபேன் சத்தம் கேட்டது. படிக்கட்டில் யாராவது ஃபேன் மாட்டுவார்களா?

பொட்டலத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிமதுரம், ஆரஞ்சுத் தோல், சுக்கு மூன்றும் எனக்கே தெரிந்தது. மஞ்சளாக ஒரு வேரும், பூண்டுப் பல் மாதிரி ஒரு கிழங்கும் தெரியவில்லை. மானாமதுரை நாட்டு மருந்துக் கடையில் காட்டினேன், அவருக்கும் தெரியவில்லை. நீங்கள் பிரஷர் மாத்திரை போடுவதை அந்த அம்மாவிடம் சொன்னீர்களா? எக்ஸ்ரே எடுத்தார்களா? நாக்கைப் பார்த்து மட்டும் மருந்து கொடுத்தால் நான் எப்படி நிம்மதியாக இருப்பது?

அகிலா கணக்கில் எண்பத்தாறு. போதாது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உள்ளதை எழுதுங்கள். பதற மாட்டேன்.

சீதாலட்சுமி


முசஃபா
8.10.2023

அன்பு சீதாவுக்கு,

உன் எழுத்தில் கோணல் ஒன்றும் இல்லை. உன்னையும் பிள்ளையையும் கேட்டதாகச் சுரேஷ் எழுதச் சொன்னான்.

உள்ளதை எழுதச் சொன்னாய். ஜூலையிலேயே கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. தூசி படிந்து படிந்து நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறதாம். அது பழையபடி ஆகாது, இனி தூசிப் பக்கமே போகக் கூடாது என்று மலையாளி டாக்டர் சொன்னார். வாயில் வைத்து இழுக்க இன்ஹேலர் கொடுத்தார். ஸ்டோருக்கு மாற்றியது அதனால்தான். சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

கஷாயம் குடித்ததில் சளி இளகி வருகிறது. தொடர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்குகிறேன். ஆனால் நடந்தால் இளைப்பது அப்படியேதான் இருக்கிறது.

ஒரு வேடிக்கை எழுதுகிறேன். நேற்று இரண்டாம் தடவை போனபோது லின் அம்மா நாடியைப் பிடித்துக்கொண்டே, "கோன் மரா?" என்று கேட்டார். யார் செத்தது என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் வைத்தியத்தில் துக்கம் வந்து தங்குகிற இடம் நுரையீரலாம். உன் மூச்சில் மண் மட்டும் இல்லை என்றார். அப்பாவும் அம்மாவும் போனார்கள், வயதாகிப் போனார்கள், ஊருக்குப் போய்க் காரியம் செய்துவிட்டு வந்தேன், வேறு யாரும் இல்லை என்றேன். கேட்டுக்கொண்டார். ஆனால் கையை விட வெகுநேரம் ஆயிற்று.

வெளியே வந்து நானும் சுரேஷும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். உனக்கும் சிரிப்பு வரட்டும் என்றுதான் எழுதினேன்.

பதில் போடு.

கார்மேகம்


முசஃபா
5.11.2023

அன்பு சீதாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் அனுப்பியதை நீ பார்த்ததற்கு அன்றைக்கே நீலக் கோடு விழுந்துவிட்டது. நாலு வாரமாகப் பதில் இல்லை. அகிலாவைக் கேட்டால், அம்மா நல்லா இருக்காங்க, வயல் வேலை என்கிறாள். எக்ஸ்ரேயை மறைத்ததற்குக் கோபமா?

இங்கே ஒன்று நடந்தது. கால் இரண்டும் வீங்கிப்போயிற்று. லின் அம்மா பார்த்துவிட்டு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நீ கேட்டு எழுதியபோதே நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பிரஷர் மாத்திரை என்றதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று சுரேஷையும் சேர்த்துத் திட்டினார். பிரஷர் இருப்பவர்களுக்கு அதிமதுரம் ஆகாதாம். மிச்சப் பொட்டலத்தை எல்லாம் திருப்பி வாங்கிப் பிரித்து, அதை மட்டும் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டார். ஆஸ்பத்திரிக் காகிதம் இல்லாமல் இனி என் கடைப் படி ஏறாதே என்றார். கிளினிக்கில் காட்டினேன், இப்போது வீக்கம் வடிந்துவிட்டது.

இரண்டு வரியாவது எழுது. அகிலாவுக்கு என் அன்பைச் சொல்.

கார்மேகம்


செங்கணாங்குளம்
17.11.2023

அகிலா அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். கால் வீக்கம் வடிந்தது கேட்டு நிம்மதி. அந்த அம்மா திட்டியது சரிதான்.

மூன்று நாளாக நல்ல மழை. கண்மாயில் முக்கால் தண்ணீர். கொல்லைச் சுவர் ஒரு பக்கம் சரிந்தது, அண்ணன் ஆள் விட்டு எடுத்துக் கட்டிவிட்டார். அகிலா அரையாண்டுக்குப் படிக்கிறாள். பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

வேறு யாரும் சாகவில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னீர்களாமே. சரி.

சீதாலட்சுமி


முசஃபா
10.12.2023

சீதா,

இன்றைக்கு நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் கடைசி வரியை மூன்று வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

இரண்டாயிரத்து நாலு ஆவணியில் கேம்ப் ஆபீஸ் போனுக்கு உன் அண்ணன் கூப்பிட்டார். "மாப்ள, பிள்ளை தவறிப்போச்சு" என்றார். பையன் பிறந்தான் என்று நான் ரூமில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. போனை வைத்தேன். ஃபோர்மேன் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனேன்.

பிளாஸ்டிங் தொப்பியை மாட்டினால் முகம் வெளியே தெரியாது. உள்ளே என்ன சத்தம் போட்டாலும் யாருக்கும் கேட்காது. அன்றைக்கு முழுக்க ஒரு டேங்கின் உள்சுவரை அடித்தேன். மறுநாளும் அடித்தேன். அப்புறம் அந்தத் தொப்பிக்குள் இருப்பது எனக்குப் பழகிப்போயிற்று. என்னோடு வந்தவர்கள் டிரைவராகவும் பெயிண்டராகவும் மாறிப் போனார்கள். என்னையும் மூன்று தடவை கேட்டார்கள். நான்தான் மாட்டேன் என்றேன்.

இதுவரை உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. கம்பெனியில் லீவு தரவில்லை என்று உன் அண்ணனிடம் சொன்னேன். ஒன்றரை வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது உன்னிடமும் அதையே சொன்னேன். நான் லீவு கேட்கவே இல்லை சீதா. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், வெறும் தொட்டிலைப் பார்க்க வேண்டும் என்று பயந்துகொண்டு கேட்காமல் இருந்துவிட்டேன்.

நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

கார்மேகம்


செங்கணாங்குளம்
14.12.2023

என்னங்க,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? இன்ஹேலரை வேளை தவறாமல் இழுக்கிறீர்களா? அதை முதலில் எழுதுங்கள்.

நீங்கள் லீவு கேட்கவில்லை என்பது எனக்கு அடுத்த வருஷமே தெரியும். உங்கள் கேம்ப்பிலிருந்து பரமக்குடிக்காரர் ஒருவர், அவர் அப்பா காரியத்துக்குக் கேட்டதும் லீவு கிடைத்து நாலே நாளில் வந்து போனார். அவர் வீட்டம்மா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் வந்தபோது கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னொரு பொய் சொல்வீர்கள், அதற்கும் சேர்த்து நான் கோபப்பட வேண்டும். என்னிடம் அவ்வளவு தெம்பு இல்லை. அப்புறம் அகிலா வயிற்றில் வந்தாள்.

எனக்கு வலித்தது அது இல்லை. நீங்கள் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எப்படி இருந்தான் என்றுகூடக் கேட்டதில்லை. அக்டோபரில், வேறு யாரும் சாகவில்லை என்று நீங்களே எழுதியதைப் பார்த்ததும், அவன் பிறந்தது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதனால்தான் பதில் போடவில்லை.

இப்போது நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

இரண்டே கால் கிலோ இருந்தான். தலை நிறைய முடி. இடது காது மேல் நுனி மடங்கியிருக்கும், உங்களுக்கு இருக்கிற மாதிரியே. பால் குடித்ததும் விக்குவான், விக்கி முடித்ததும் ஏதோ பெரிய வேலை பார்த்தவன் மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். பஸ் ஹாரன் கேட்டால் அந்தப் பக்கம் திரும்புவான். பதினொரு நாள் இருந்தான். கடைசி நாள் மூச்சுக்குத் திணறினான். கார் பிடித்து மதுரைக்குக் கொண்டு போகிற வழியில், திருப்புவனம் தாண்டியதும், என் மடியிலேயே அடங்கிவிட்டது. அண்ணன் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். நான் வேண்டாம், போங்கள், போங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அட்டை போட நர்ஸ் பெயர் கேட்டார். நீங்கள் வந்து வைக்க வேண்டும் என்று வெறுமனே விட எனக்கு மனம் இல்லை. விஜயபாஸ்கர் என்று எழுதச் சொன்னேன். பாஸ்கர் என்று கூப்பிட்டேன். அப்பாவும் அண்ணனும் கண்மாய்க் கரையில் அடக்கம் செய்தார்கள்.

இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

நேற்று மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சு நோய்ப் பிரிவில் விசாரித்தேன். அந்தத் தழும்பை எடுக்க மருந்து இல்லை, ஆனால் தூசியை விட்டு வந்து ஒழுங்காகப் பார்த்தால் இருக்கிற மூச்சைக் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மா சொன்னார். சீன மருந்தைப் பற்றியும் கேட்டேன். பெயர் எழுதிய சீட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

இந்தத் தடவை லீவைக் கேளுங்கள். லீவு வேண்டாம், மொத்தமாகவே வந்துவிடுங்கள்.

சீதா


முசஃபா
7.1.2024

என் சீதாவுக்கு,

இன்ஹேலரை இரண்டு வேளையும் இழுக்கிறேன். பிரஷர் சரியாக இருக்கிறது. நீ கேட்டதை முதலில் எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை ஸ்டோரில் பெயிண்ட் டின்களுக்கு நடுவில் நின்று படித்தேன். அன்றைக்கு மேற்கொண்டு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லின் அம்மா கடைக்குத் தனியாகப் போனேன், ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு. காகிதத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தார். நான், "மேரா பேட்டா" என்றேன். என் மகன் என்று. அதற்கு மேல் இந்தி வரவில்லை. பதினொன்று என்று விரலைக் காட்டினேன். பதினொரு வருஷமா என்றார். இல்லை, நாள் என்றேன். அவர் இன்னொரு கையையும் என் கை மேல் வைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்.

வெளியே வந்து டயர் கடை வாசலில் நின்று அழுதேன். அழுகையில் இருமல், இருமலில் மூச்சுத் திணறல். கடைக்காரரான பாகிஸ்தான் பட்டாணியர் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காத மாதிரி பஞ்சர் ஒட்டப் போய்விட்டார். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சரியானதும் திரும்பவும் உள்ளே போனேன்.

லின் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். என் மருந்து இருமலைத் தணிக்கும், தூக்கம் கொடுக்கும், இறுகிப்போனதை இளக்காது, இளக்கும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே என்றார். பிறகு, "கர் ஜாவ்" என்றார். வீட்டுக்குப் போ.

மறுநாள் ஆபீசுக்குப் போய், வேலையை விட்டுப் போகிறேன் என்று விசா கேன்சல் எழுதிக் கொடுத்தேன். மார்ச் முதல் வாரம் டிக்கெட் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பாஸ்கரைப் பற்றி இன்னும் ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுது. சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

உன்,
கார்மேகம்


செங்கணாங்குளம்
2.2.2024

என்னங்க,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அழுததைப் படித்து நானும் அழுதேன். அது நல்லதுதான்.

நீங்கள் கேட்டதற்கு ஒன்று. குளிப்பாட்டும்போது அவன் அழ மாட்டான். துவட்டும்போதுதான் அழுவான்.

அகிலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையில் இருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். அப்புறம், "அப்ப நான் ரெண்டாவதாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். ஆறாம் வகுப்புக்குப் பிறகு அவள் அப்படிப் படுத்ததில்லை.

விறகு அடுப்பைக் கொல்லைப் பக்கம் மாற்றிவிட்டேன். வீட்டுக்குள் இனிப் புகை கிடையாது. ரோட்டோர அறையில் பஸ் போகிற தூசி வரும், அதனால் உள் அறையில் உங்களுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் மார்ச் பதினொன்றாம் தேதி வரச் சொல்லிச் சீட்டு வாங்கியாயிற்று.

லின் அம்மாவுக்கு ஒரு புடவை அனுப்ப ஆசை. அவர் கட்ட மாட்டார் என்று அகிலா சொல்கிறாள். சுரேஷ் தம்பியின் அம்மா அடுத்த வாரம் மகனுக்குப் பார்சல் அனுப்புகிறார்களாம். அதில் நம் பனங்கற்கண்டு இரண்டு கிலோ வைக்கச் சொல்லியிருக்கிறேன். லின் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

சீதா


செங்கணாங்குளம்
17.3.2024

தம்பி சுரேஷ்குமாருக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் ரூமில் உள்ளவர்களும் சுகம்தானே? என் கட்டிலுக்கு யார் வந்திருக்கிறார்கள்? இருமாத ஆளாகப் பார்த்துப் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். இதை லின் அம்மாவிடம் கொண்டுபோய், உனக்குத் தெரிந்த இந்தியில் வாசித்துச் சொல்ல வேண்டும்.

பதினொன்றாம் தேதி பெரியாஸ்பத்திரியில் பார்த்தோம். ஊதச் சொன்னார்கள், நடக்கவிட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பாதி நுரையீரல்தான் வேலை செய்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடப் பழக்கினார்கள். லின் அம்மா மருந்துப் பெயர்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது நல்லதாயிற்று. டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் படித்து ஒன்றை மட்டும் அடித்துவிட்டார். மற்றதை இருமல் அதிகமாக இருக்கிற நாட்களில் குடிக்கலாம், ஆனால் தன்னிடம் மறைக்கக் கூடாது என்றார். இனி யாரிடமும் மறைப்பதாக இல்லை என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் அகிலா பரீட்சைக்குப் போனதும், உன் அண்ணி என்னைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனாள். போன வருஷம் இயந்திரம் வைத்துக் கரையை அகலப்படுத்தி இருக்கிறார்கள். அடையாளத்துக்கு இருந்த வேப்பமரமும் இல்லை. அவள் மடைப் பக்கம் போய் நின்று, அங்கிருந்து அடி வைத்து எண்ணிக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நின்றாள். இங்கேதான், இல்லாவிட்டால் இதை ஒட்டித்தான் என்றாள். சரியான இடம் தெரியவில்லையே என்று அவள் கலங்குவாள் என நினைத்தேன். கலங்கவில்லை.

கரை ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். சீதா பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்ன மாதிரி ஊதுங்கள் என்று என் முதுகில் கை வைத்திருந்தாள். தண்ணீரில் இரண்டு மூன்று நாரை நின்றது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

மூச்சு திரும்பியதும், "பாஸ்கர்" என்று கூப்பிட்டேன். அப்பா வந்திருக்கேன்ப்பா என்றேன். அதைச் சொல்வதற்குள் திரும்பவும் இளைத்துவிட்டது. சீதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை மணிக்கட்டில் நாடி ஓடுவது என் விரலுக்குத் தெரிந்தது.

வெயில் ஏறியதும் எழுந்தோம். நான் கரையிலிருந்து இறங்கக் கொஞ்சம் வேகமாகக் காலை வைத்துவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மெதுவா வாங்க. இனிமே நமக்கு என்ன அவசரம்?" என்றாள்.

அண்ணன்,
கார்மேகம்